அடியில் செவுள் இல்லை, பஞ்சு மாதிரி துளைகள்: இந்தக் காளான் பொலீட்டஸ் எடுலிஸா?

மழைநடை:
பைன் மரத்தடியில் பார்த்த காளான். பழுப்புத் தொப்பி, பன் மாதிரி உப்பல். அடியில் செவுள் இல்லை, ஊசியால் குத்தினாற்போலத் துளைகள். தடித்த காம்பில் வலைக்கோடு. வெட்டினேன், நீலமாகவில்லை. செயலி இதை பொலீட்டஸ் எடுலிஸ், சாப்பிடும் வகை என்கிறது. நம்பலாமா?

பாசிக்கல்:
நீலமாகலைன்னா விஷமில்லை, பயப்படாதீங்க.

துளைப்பித்தன்:
பாசிக்கல், அந்தக் கணக்கை விட்டுடுங்க. சில காளான்களில் இருக்கிற வேரிகேட்டிக் அமிலம் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடையுது, அதுதான் நீலம். விஷத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆளைக் கொல்லும் அமானிட்டா காளான் துளிகூட நீலமாகாது.

மழைநடை, வலைக்கோடு காம்பைவிட வெளுப்பா, கருப்பா? துளை என்ன நிறம்?

மழைநடை:
கோடு கரும்பழுப்பு. துளை வெள்ளை, ஓரத்தில் லேசா ரோஸ்.

துளைப்பித்தன்:
அப்போ டைலோபிலஸ் ஃபெல்லியஸ் மேலதான் என் சந்தேகம். எடுலிஸின் வலை வெளுப்பா இருக்கும். துளை வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பிறகு ஆலிவ் பச்சைக்குப் போகும், ரோஸ் பக்கமே வராது. முதல் வருஷம் நானும் ஏமாந்தேன், இளசில் ரெண்டுக்குமே துளை வெள்ளைதான். ஃபெல்லியஸ் விஷமில்லை, ஆனா படுகசப்பு. ஒண்ணு கலந்தாலும் சட்டி மொத்தமும் போச்சு!

ரெண்டுக்கும் பேர் வச்சவர் ஒரே ஆள், பிரான்ஸின் பூலியார். எடுலிஸ் 1782, ஃபெல்லியஸ் 1788. ரெண்டையும் பொலீட்டஸ்னுதான் எழுதினார். 1881இல் பின்லாந்தின் கார்ஸ்டன் கசப்பனை, அதாவது ஃபெல்லியஸை, டைலோபிலஸ் பேரினத்துக்கு மாத்தினார். வித்துத்தூளின் நிறம்தான் பெரிய வித்தியாசம். குடும்பம் இன்னைக்கும் ஒண்ணே, பொலீட்டேசியே.

தொப்பியை மட்டும் வெட்டி, துளைப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி வெள்ளைத்தாளில் வச்சு, கிண்ணம் கவிழ்த்து ராத்திரி விடுங்க. தாளில் விழுந்த வித்துத்தூள் ஆலிவ் பழுப்புன்னா எடுலிஸ் பக்கம், ரோஸ் கலந்த பழுப்புன்னா கசப்பன். எதுவானாலும் படத்தையும் எங்க பேச்சையும் நம்பி வாயில வைக்காதீங்க; நேரில் பார்க்கத் தெரிஞ்சவர் வேணும்.

மழைநடை:
காலையில் கிண்ணத்தைத் தூக்கினேன். ரோஸ் பழுப்பு, துளைத்துளையாப் பதிஞ்சிருக்கு. கசப்பனேதான்.

துளைப்பித்தன்:
தாளைத் தூக்கிப் போடாதீங்க. தேதி எழுதி வைங்க, அடுத்த மழைக்கு ஒப்பிட உதவும்.