கேம் எதில் போடலாம்: என்விஎம்இ, சாட்டா எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்?

கதிர்_பிசி:
கணினியில் மூணு டிரைவ் இருக்கு. 500 ஜிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேரா மாட்டுற வேகமான எஸ்எஸ்டி, விண்டோஸ் இதில்தான்), 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி (கேபிள்ல இணைக்கிற, சுழலும் தட்டு இல்லாத சிப் டிரைவ்), 2 டிபி ஹார்டு டிஸ்க், 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுற்று). போட வேண்டியவை சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3, கவுன்டர் ஸ்ட்ரைக் 2, அப்புறம் 2015க்கு முன்னாடி வந்த கேம்கள் ஒரு இருபது. எதை எங்கே போடணும்? காரணத்தோட சொல்லுங்க.

சிலிக்கான்செல்வன்:
பெரிய கேம் ரெண்டும் என்விஎம்இ-ல போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். சாட்டா 3 இணைப்போட உச்சம் நொடிக்கு 600 எம்பி, கைக்குக் கிடைக்கிறது 550. என்விஎம்இ ஓடறது பிசிஐஇ-ங்கிற இணைப்புல, சாதாரண 3.0 பதிப்பு 3,500 வரை போகும், 4.0 ஆனா 7,000. டைரக்ட்ஸ்டோரேஜ் (கேம் கோப்பை டிரைவ்ல இருந்து சீக்கிரம் எடுக்கிற வசதி) 2022-லயே விண்டோஸுக்கு வந்தாச்சு. ராட்செட் அண்ட் க்ளாங்க் ரிஃப்ட் அபார்ட் மாதிரி கேம்ல சுருக்கி வச்ச டெக்ஸ்சரை (பொருள்கள் மேல ஒட்டுற படங்களை) விரிக்கிற வேலையை கிராபிக்ஸ் கார்டே செய்யுது. இனி வர்ற கேம் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும்.

வட்டெழுத்து:
மறுக்கிறேன். இவரிடம் இருப்பது 500 ஜிபி. விண்டோஸ் கணக்கில் அது 465 என்றுதான் தெரியும். விண்டோஸ், பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, அப்டேட் மிச்சங்கள், மற்ற மென்பொருள்கள் சேர்ந்து நூறு ஜிபியைச் சுலபமாகத் தாண்டும். பால்டர்ஸ் கேட் 3க்கு 150, சைபர்பங்குக்கு 70. இதற்கு மேல் இன்னொரு கேமும் அதன் அப்டேட்டும் வந்தால் டிரைவ் விளிம்பு வரை நிரம்பிவிடும்.

நிரம்பிய எஸ்எஸ்டியில் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய டிஎல்சி, க்யூஎல்சி டிரைவ்களில் (ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் வைப்பவை) பெரும்பாலானவை காலி இடத்தின் ஒரு பகுதியை எஸ்எல்சி கேஷாக (செல்லுக்கு ஒரே பிட் எழுதும் வேகமான தற்காலிக இடமாக) பயன்படுத்தித்தான் வேகமாக எழுதுகின்றன. காலி இடம் சுருங்கினால் கேஷும் சுருங்கும். அது தீர்ந்த பிறகு க்யூஎல்சி எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். அதே டிரைவில்தான் விண்டோஸும் ஓடுகிறது.

அட்டையில் போட்டிருக்கும் 3,500 என்பது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிக்கும் வேகம். கேம் அப்படி வாசிப்பதில்லை. சிறு சிறு துண்டுகளாக எடுத்து, சிபியு அதை விரித்து, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. டைரக்ட்ஸ்டோரேஜ் இல்லாத கேம்களில் சிபியுதான் நெரிசல். அதனால்தான் சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் லோடிங்கில் பெரும்பாலும் சில நொடிகள்தான் வித்தியாசம் வருகிறது. அவர் பட்டியலில் உள்ளவற்றுக்கு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டிதான் சரியான இடம்.

பழையகோட்டை:
ரெண்டு பேரும் ஹார்டு டிஸ்க்கை மறந்துட்டீங்களே. 2015க்கு முன்னாடி வந்த கேம் எல்லாம் ஹார்டு டிஸ்க்கை மனசுல வச்சு எழுதினவை. ஸ்கைரிம் 2011ல் வந்தது, 5400 ஆர்பிஎம் லேப்டாப் டிஸ்க்லயே ஓடினது. லெவல் லோடு ஆகும்போது பத்து இருபது நொடி கூடும், அதுக்கப்புறம் எல்லாம் ரேம்ல இருக்கு. ஃபிரேம் ரேட் ஒரு புள்ளிகூட மாறாது. 2 டிபி சும்மா கிடக்கும்போது அந்த இருபது கேமை எஸ்எஸ்டியில் அடைக்கிறது இடத்தை வீணாக்கறதுதான். கவுன்டர் ஸ்ட்ரைக்கும் அப்படித்தான், மேப் ஒரு தடவை ஏறினா மேட்ச் முடியற வரைக்கும் டிஸ்க்குக்கு வேலை இல்லை.

சிலிக்கான்செல்வன்:
பழைய கேம் சரி, ஒத்துக்கறேன். கவுன்டர் ஸ்ட்ரைக்கை அங்கே போடச் சொல்றதை ஒத்துக்க மாட்டேன். மேப் ஏற லேட்டானா வார்ம்அப் முடிஞ்சு ரவுண்டு தொடங்கினப்புறம்தான் உள்ளே போவீங்க. கூட ஆடற நாலு பேரும் உங்களுக்காகக் காத்திருக்கணும்.

ஓபன் வேர்ல்டு கேம்னா இன்னும் மோசம். கணக்கு போட்டுப் பாருங்க. 7200 ஆர்பிஎம்னா நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேணுங்கிற இடம் ஹெட்டுக்கு (தட்டை வாசிக்கிற முனைக்கு) கீழே வர சராசரியா அரைச் சுற்று, அதாவது 4.2. ஹெட் நகர்றதுக்கு இன்னொரு 8, 9. ஆக ஒரே ஒரு துண்டை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். 60 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு 60 ஃபிரேம்) ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிற நேரமே 16.7தான். நொடிக்கு எண்பது துண்டு எடுக்கவே டிஸ்க் திணறும். சைபர்பங்க்ல கார் ஓட்டும்போது கேம் கேட்கிறது அதைவிட எத்தனையோ மடங்கு. ரோடு முன்னாடி வந்துடும், கட்டடம் மொழுக்குனு நிக்கும், டெக்ஸ்சர் ரெண்டு செகண்ட் கழிச்சு ஏறும். எஸ்எஸ்டியில ஹெட்டும் இல்லை, சுற்றும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்ட் போதும்.

2023ல் சைபர்பங்க் 2.0 வந்தப்போ குறைந்தபட்சத் தேவையிலயே எஸ்எஸ்டினு மாத்திட்டாங்க. ஸ்டார்ஃபீல்டும் அப்படித்தான். பால்டர்ஸ் கேட் 3ல ஹார்டு டிஸ்க்காரங்களுக்குனே செட்டிங்ஸ்ல 'ஸ்லோ எச்டிடி மோட்' வச்சிருக்காங்க, ஆனா அதோட தேவைப் பட்டியலும் எஸ்எஸ்டினுதான் சொல்லுது.

வட்டெழுத்து:
இந்தக் கணக்கு என் பக்கத்துக்கும் பொருந்தும். 13 மில்லிசெகண்டிலிருந்து 0.1க்கு இறங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அதைச் சாட்டா எஸ்எஸ்டியே கொடுத்துவிடுகிறது.

பழையகோட்டைக்கு ஒன்று. ஹார்டு டிஸ்க்கில் போடும் கேம் இனி அப்டேட் வராத கேமாக இருக்க வேண்டும். ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் ஆப்) 1 ஜிபி பேட்ச் என்று காட்டும், ஆனால் அது 30 ஜிபி பேக் கோப்பு ஒன்றுக்குள் நடுநடுவே மாற்றம் செய்வதாக இருந்தால் பழைய கோப்பை வாசித்துப் புதிய கோப்பை முழுதாக எழுத வேண்டும். டவுன்லோடு இரண்டு நிமிடம், டிஸ்க் 100 சதவீதத்தில் அரை மணி நேரம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருந்தால் இன்னும் இழுக்கும், ஏனென்றால் அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் ஒன்றை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து சிஎம்ஆரா (தடங்கள் படியாத வகை) எஸ்எம்ஆரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையகோட்டை:
பேட்ச் விஷயம் நியாயம். கவுன்டர் ஸ்ட்ரைக்கை எஸ்எஸ்டிக்கே விட்டுடறேன். ஆனா அந்த இருபது பழைய கேம் ஹார்டு டிஸ்க்லதான் இருக்கணும், அதுல மாற்றம் இல்லை. போட்டு முடிச்சதும் ஒரு தடவை டீஃப்ராக் (சிதறின கோப்புத் துண்டுகளைச் சேர்த்து வைக்கிறது) பண்ணிடுங்க. ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும். எஸ்எஸ்டிக்கு விண்டோஸே ட்ரிம் (எந்த இடம் காலினு சொல்ற கட்டளை) அனுப்பிக்கும்.

கதிர்_பிசி:
ரெண்டு சந்தேகம். என்விஎம்இ-ல டி-னு தனிப் பார்ட்டிஷன் பிரிச்சுக் கேம் போட்டா வேகம் கூடுமா? ஏற்கெனவே சி-ல போட்டு வச்சிருக்கிற பால்டர்ஸ் கேட்டைத் திரும்ப டவுன்லோடு பண்ணாம மாத்த முடியுமா?

வட்டெழுத்து:
வேகம் அதிகரிக்காது. பார்ட்டிஷன் என்பது ஒரே டிரைவில் போட்ட கோடுதான். 60 ஜிபி இந்தப் பக்கமும் 40 ஜிபி அந்தப் பக்கமும் காலியாக இருக்கும், 90 ஜிபி கேம் எதிலும் ஏறாது. எந்த எழுத்து எந்த டிரைவ் என்று தெரிய டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். 'டிஸ்க் 0' என்பதற்குப் பக்கத்தில் சி, டி இரண்டும் சேர்ந்து இருந்தால் இரண்டும் ஒரே டிரைவ். அது எஸ்எஸ்டியா எச்டிடியா என்பதும் அங்கேயே இருக்கும்.

மாற்றுவது சுலபம். ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் சாட்டா எஸ்எஸ்டியைச் சேருங்கள். பிறகு லைப்ரரியில் கேம் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், 'மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்'. முடிந்ததும் அதே பக்கத்தில் 'வெரிஃபை' கொடுத்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஆப்பிலும் டிரைவ் மாற்றும் வசதி உண்டு. அந்த ஆப்பின் கேம் ஃபோல்டரை நீங்களே கட், பேஸ்ட் செய்ய வேண்டாம், அதன் கோப்புகளுக்கு அனுமதிக் கட்டுப்பாடு உண்டு.

கேம் நகர்ந்தாலும் சேவ் கோப்புகள் சி-யிலேயே இருக்கும். பால்டர்ஸ் கேட் 3 ஆப்டேட்டாவிலும் சைபர்பங்க் 'சேவ்டு கேம்ஸ்' ஃபோல்டரிலும் வைக்கிறது. விண்டோஸை அழித்துப் போடும்போது சாட்டா எஸ்எஸ்டியில் உள்ள கேம் பிழைக்கும், ஸ்டீமில் அந்த ஃபோல்டரைத் திரும்பக் காட்டினால் போதும். ஆனால் சேவ் க்ளவுடில் இல்லையென்றால் போய்விடும். முதலில் அதைப் பிரதி எடுங்கள்.

சிலிக்கான்செல்வன்:
இப்போ இருக்கிற டிரைவுக்கு வட்டெழுத்து சொல்றபடி செய்யுங்க. அடுத்து வாங்கும்போது மட்டும் சாட்டா பக்கம் போகாதீங்க, 2 டிபி என்விஎம்இ எடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி மதர்போர்டு மேனுவலைத் திறந்து பாருங்க. நிறைய போர்டுல ரெண்டாவது எம்.2 ஸ்லாட்ல (என்விஎம்இ மாட்டுற இடம்) டிரைவ் மாட்டினா ரெண்டு சாட்டா போர்ட் அணைஞ்சுடும். புது டிரைவ் வேலை செய்யும், பழைய எஸ்எஸ்டி காணாமப் போகும், டிரைவ் போச்சுனு நினைச்சுத் தூக்கிப் போடுவாங்க. கேபிளை வேற போர்ட்டுக்கு மாத்தினா வந்துடும். எம்.2 வடிவத்துலயே சாட்டா டிரைவும் வருது. மாட்டுற முனையில ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டுனா என்விஎம்இ. ஆனா சில என்விஎம்இ-யும் ரெண்டு வெட்டோட வருது, அதனால லேபிளைப் படிங்க.

பழையகோட்டை:
திரும்பத் திரும்ப கேம் போட்டு அழிச்சா எஸ்எஸ்டி தேயாதா?

வட்டெழுத்து:
1 டிபி டிஎல்சி டிரைவுக்குப் பொதுவாக 600 டிபி எழுதும் வரை வாரண்டி தருகிறார்கள். 100 ஜிபி கேமை ஆறாயிரம் முறை இன்ஸ்டால் செய்தால்தான் அந்த எல்லை. விளையாடும்போது நடப்பது பெரும்பாலும் வாசிப்பு, அதனால் தேய்மானம் இல்லை. க்யூஎல்சியில் இந்த எண் பாதிக்கும் கீழே போகலாம், அப்போதும் கேமுக்கு அது தாராளம். கவலைப்பட வேண்டியது காலி இடத்தைத்தான். 1 டிபியில் 100 முதல் 150 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். பெரிய பேட்ச் வரும்போது பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே நேரத்தில் டிரைவில் இருக்கும், அந்த இடம் இல்லையென்றால் அப்டேட் பாதியில் 'போதிய இடமில்லை' என்று நின்றுவிடும்.