1787 பிலடெல்பியா: திருத்தமா, கவிழ்ப்பா?

செங்கோடன்:
விடுதலை கிடைத்த கையோடு அமெரிக்கர்கள் அரசமைப்பை எழுதினார்கள் என்று முந்தைய இழையில் ஒருவர் போட்டிருந்தார். இடையில் ஒரு சட்டம் நடப்பில் இருந்ததை மறந்துவிட்டார். 1781 மார்ச் 1இல் அமலுக்கு வந்த கூட்டமைப்பு விதிகள் (Articles of Confederation). அதன் 13ஆம் பிரிவுப்படி எதை மாற்றுவதென்றாலும் காங்கிரஸும் (மாநிலப் பிரதிநிதிகளின் பொது அவை) 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஒன்றுவிடாமல் ஒப்ப வேண்டும். 1787 பிப்ரவரி 21இல் காங்கிரஸ் கொடுத்த அனுமதியும் அந்த விதிகளைத் திருத்த மட்டும்தான். பிலடெல்பியா மாநாட்டில் கூடிய மாநிலப் பிரதிநிதிகள் கதவைச் சாத்திக்கொண்டு புது அரசமைப்பே எழுதி, 9 மாநிலம் ஒப்பினால் போதும் என்று அதன் 7ஆம் பிரிவில் போட்டுக்கொண்டார்கள். இது கவிழ்ப்பு இல்லையா?

மாலுமி:
13ஆம் பிரிவால் ஒரு காரியமாவது நடந்ததா? அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கும், கொடுத்தால் உண்டு. போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீதச் சுங்கம் என்று 1781இல் ஒரு திருத்தம் கேட்டது. 1782இல் ரோட் ஐலண்ட் மறுத்ததும் திட்டம் படுத்துவிட்டது. 1783இல் மறுபடி கேட்டதற்கு நியூயார்க் முட்டுக்கட்டை. துறைமுக வருமானம் தன் கையை விட்டுப் போகுமே! 1787 ஜனவரியில் ஷேஸ் கலகக்காரர்கள் (கடனில் தத்தளித்த மாசச்சூசெட்ஸ் விவசாயிகள்) ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்குக்கே வந்துவிட்டார்கள். அவர்களை விரட்டிய தளபதி பெஞ்சமின் லிங்கனின் படைக்குப் பணம் போட்டது பாஸ்டன் வியாபாரிகள், காங்கிரஸ் அல்ல.

செங்கோடன்:
சட்டம் நொண்டியாக இருந்தது என்பது வேறு, அதை மீறலாம் என்பது வேறு. ஒப்புதல் வாங்கிய லட்சணத்தையும் பாருங்கள். பென்சில்வேனியா சட்டமன்றம் நடக்கக் குறைந்தது 46 பேர் தேவை. மாநில ஒப்புதல் மாநாட்டுக்குத் தேதி குறிக்கவிடாமல் எதிர்த்தரப்பு வெளியே போய்விட்டது. மறுநாள், செப்டம்பர் 29, அவைக்கு வந்தவர்கள் 44 பேர். ஒரு கும்பல் போய் இரண்டு உறுப்பினர்களைத் தங்குமிடத்திலிருந்து இழுத்துவந்து உட்காரவைத்தது. ஒருவர் எழுந்து போகப் பார்த்தார், விடவில்லை. கணக்கு 46.

இளவெயினி:
அது அசிங்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிலடெல்பியா மாநாட்டினர் எழுதியது முன்மொழிவு மட்டுமே. செப்டம்பர் 28இல் காங்கிரஸ்தான் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது, பாராட்டாமலும் கண்டிக்காமலும். சட்டமன்றங்களை விட்டுவிட்டுத் தனி மாநாடுகளிடம் போனதற்கும் காரணம் உண்டு. அதிகாரத்தை இழக்கப்போகிறவர்களே சட்டமன்றத்தில் இருப்பவர்கள். தவிர, இன்றைய சட்டமன்றம் ஏற்றதை நாளைய சட்டமன்றம் ரத்து செய்யலாம். மக்கள் இதற்கென்றே தேர்ந்தெடுத்த மாநாடு ஏற்றால் அது எளிதல்ல. அங்கும் யாரும் தலையாட்டிவிடவில்லை. மாசச்சூசெட்ஸ் 187–168, வர்ஜீனியா 89–79, நியூயார்க் 30–27. மாசச்சூசெட்ஸில் திருத்தப் பரிந்துரைகளைச் சேர்த்த பிறகுதான் அதுவும் தேறியது.

செங்கோடன்:
ரோட் ஐலண்டை விட்டுவிட்டீர்களே. அங்கே 1788 மார்ச்சில் மக்களிடமே நேரடி வாக்கெடுப்பு: எதிர்ப்பு 2,700க்கு மேல், ஆதரவு 250கூட இல்லை. 1790 மே 18இல் அமெரிக்க செனட் அந்த மாநிலத்தோடு வணிகத்தையே தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 11 நாள் கழித்து 34–32இல் ஒப்புதல். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து இது.

மாலுமி:
அந்த வாக்கெடுப்பை ஆதரவாளர்கள் புறக்கணித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிரட்டல் ரோட் ஐலண்டுக்குப் பொருந்தும், வட கரோலினாவுக்குப் பொருந்தாது. 1788 ஆகஸ்டில் ஏற்காமல் விலகி நின்ற மாநிலம் அது. 1789 ஏப்ரல் 30இல் வாஷிங்டன் பதவியேற்றபோது ஒன்றியத்தில் 11 மாநிலங்களே இருந்தன. செப்டம்பரில் காங்கிரஸ் மக்களின் உரிமைகளைக் காக்கும் திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. நவம்பர் 21இல் வட கரோலினா தானாக உள்ளே வந்தது.