160 மீட்டரில் நான் அனுப்புவது ஐரோப்பாவுக்குப் போகிறது, அவர்கள் அனுப்புவது எனக்கு விளங்கவில்லை: உதவி தேவை

லிந்துலை22:

வணக்கம். ஜனவரி கடைசி வார இறுதியில் வரும், அமெச்சூர் வானொலிக்காரர்களின் சி.கியூ. 160 மீட்டர் (அலைநீளம்) மோர்ஸ் போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. முதல் தடவையாக இறங்குகிறேன். நவம்பர் உலகப் போட்டியில் 40 மீட்டரில் ஓரளவு சமாளித்தேன். 160 கதை வேறு. மாலை ஏழு மணியானதும் ரிசீவர் இரையத் தொடங்கிவிடுகிறது. எஸ் மீட்டர் (வரும் ஒலியின் பலத்தைக் காட்டும் ஊசி) 9ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது.

கருவி 100 வாட். அன்டெனா தலைகீழ் எல் வடிவம். வீட்டுக்கு மேலே உள்ள நிழல் மரத்தில் 17 மீட்டர் ஏற்றி, மீதியை அடுத்த மரத்துக்கு இழுத்திருக்கிறேன். மொத்தம் 41 மீட்டர். தேயிலைச் செடிகளுக்கு அடியில் அன்டெனாவின் அடியிலிருந்து நாலாபக்கமும் ஓடும் ஆறு தரைக்கம்பிகள் (ரேடியல்) போட்டேன். கவ்வாத்து வெட்ட வந்தவர்கள் இரண்டைச் சேர்த்து வெட்டிவிட்டார்கள், இப்போது நான்கு.

போன வாரம் நள்ளிரவில் சி.கியூ. (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு) அடித்தபோது, யார் சமிக்ஞை எங்கே கேட்கிறது என்று காட்டும் ரிவர்ஸ் பீக்கன் தளத்தில் ஐரோப்பிய நிலையங்கள் மூன்று என் சமிக்ஞையைப் பதிவு செய்திருந்தன. பதிலும் வருகிறது. புள்ளி, புள்ளி, கோடு: ‘யு’. அதற்கு மேல் ஒரே இரைச்சல். ‘யு’வில் தொடங்கும் அழைப்புக் குறி உக்ரைனா ரஷ்யாவா என்றுகூடத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

வடமேற்கில் பெரிய மலை நிற்கிறது, ஐரோப்பா அந்தப் பக்கம், அதுதான் மறைக்கிறது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

டிட்டா:

மூன்று விஷயம் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பெற்றரியில் ரிசீவரைப் போட்டால் இரைச்சல் குறைகிறதா? டயலைத் திருப்பும்போது சமமாக இரைகிறதா, மேடு மேடாக வருகிறதா? மழை பெய்யும்போது மாறுகிறதா?

லிந்துலை22:

மெயினை அணைத்தேன். அம்மா டீவி பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கதை வேண்டாம். 9க்கு மேலே நின்றது 8க்கு வந்தது. போன் சார்ஜர் ஒன்றும் மாட்டுக் கொட்டிலின் எல்.ஈ.டி. பல்பு ஒன்றும் காரணம், இரண்டையும் மாற்றிவிட்டேன். மிச்சம் அப்படியே இருக்கிறது. 65 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு தடவை மேடு வருகிறது, மெல்ல நகரவும் செய்கிறது. மழையில் மாற்றமே இல்லை.

பழைய வால்வு:

தம்பி, முதலில் அந்த மலையை விட்டுவிடுங்கள். மறைக்கிறதென்றால் உங்கள் சமிக்ஞை எப்படி அந்தப் பக்கம் போயிற்று? பகலில் மேல் வானத்து மின்னூட்ட அடுக்கான டி அடுக்கு அலையை விழுங்குகிறது, இரவில் அது கலைந்ததும் அலை மேலே போய்த் திரும்புகிறது. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான். பழுது உங்கள் காதுப் பக்கம்.

மழையில் மாறவில்லை என்பதால் மின்கம்பத்துப் பீங்கான் இல்லை. அந்தப் பொறி காய்ந்த காலத்தில் கிளம்பும், நனைந்தால் அடங்கும். மேடு மேடாக வந்து நகர்வது சுவிட்ச் வகை மின்வழங்கியின் கையெழுத்து.

இரண்டு வேலை செய்யுங்கள். அன்டெனாவின் அடியில் கேபிளைக் கழற்றி, அந்த முனையில் 50 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு ரிசீவரைக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் கேபிளின் வெளிப்பின்னலே அன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 31 வகை ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். வளையம் தபாலில் வரும்வரை நான் பழைய டீவிக் குழாயின் கழுத்துச் சுருளிலிருந்து எடுத்த ஃபெரைட்டை வைத்துச் சமாளித்திருக்கிறேன். அழகாக இராது.

இரண்டாவது, கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையின் மேல் முனையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் நடங்கள். படுக்கையாகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். இரைச்சல் சட்டென்று விழும் இடத்தில், உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை மூலத்தை நோக்கியிருக்கும். முன்னாலா பின்னாலா என்பது நூறடி நடந்தால் தெரியும். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள்.

லிந்துலை22:

ஐயா, ரெசிஸ்டர் போட்டும் 6 காட்டியது. கேபிள்தான் பாதிக் குற்றவாளி. வளையம் சுற்றிய பிறகு அன்டெனாவோடு 7.

நேற்று இரவு ரேடியோவோடு நடந்தேன். லயத்து வரிசையைத் தாண்டி, பீலிக்கரைப் படியில் நின்று திருப்பினேன். குச்சி நேராகக் கோயிலைக் காட்டியது. பொங்கலுக்குக் கட்டிய சோடனை விளக்கு தைப்பூசம் வரை எரியுமாம். கோபுரத்தைச் சுற்றி எல்.ஈ.டி. சரம், அடியில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மின்வழங்கி. பக்கத்தில் போனதும் ரேடியோ அலறியது. பூசகர் ஐயா ஒரு நிமிடம் அணைத்துக் காட்டினார். அதே நேரம் வீட்டில் தம்பி மீட்டரைப் பார்த்தான். 4.

ஆனால் சாமிக்குப் போட்ட விளக்கை என் போட்டிக்காக அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹப்புத்தளைக் காற்று:

சொல்லவும் வேண்டாம். எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் போட்டி சனி அதிகாலை நம் இலங்கை நேரம் 3.30க்குத் தொடங்கி, திங்கள் அதிகாலை 3.30க்கு முடிகிறது. ஐரோப்பாவில் இருட்டுவது நமக்கு இரவு ஒன்பதரை, பத்தரைக்குத்தான். அதிலிருந்து நம் சூரிய உதயம், ஏறக்குறைய 6.25 வரை வழி திறந்திருக்கும். ஜப்பானியரின் சமிக்ஞை அவர்களுடைய விடியலில், நமக்கு 3.15 வாக்கில், கொஞ்சம் எழும். சொந்த நாட்டுத் தொடர்புக்கு 2 புள்ளி, ஆசியாவுக்குள் 5, மற்றக் கண்டத்துக்கு 10. ஏழு மணிக்கு இந்தியாவோடு மல்லுக்கட்டி 5 வாங்குவதை விட, சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு உட்காருங்கள். கோயில் விளக்கு அதற்குள் அணைந்திருந்தால் உங்களுக்கு நட்டம் மிகக் குறைவு.

அணையாவிட்டால், கேட்பதற்கென்று தனியாக ஒரு வளைய அன்டெனா செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம், சில சுற்றுக் கம்பி, பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் மாறு கொள்ளளவி (கண்டென்சர்). சட்டத்தின் முகம் கோயிலைப் பார்க்கும்படி திருப்பினால் அந்த இரைச்சல் பள்ளத்தில் விழும். வானத்திலிருந்து வருவது அவ்வளவு குறையாது. சமிக்ஞையும் மெலிந்துதான் கேட்கும், மீட்டரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். இரைச்சலுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதே கணக்கு. அனுப்பும்போது ரிலே வைத்து வளையத்தைத் துண்டியுங்கள். நான் மறந்து, ரிசீவரின் முன்பகுதியைப் பொசுக்கியிருக்கிறேன்.

டிட்டா:

ஒரு சேர்க்கை. எல்லாருக்கும் 599 22 அனுப்ப வேண்டும். 599 அவர்கள் சமிக்ஞைக்கு நாம் சொல்லும் மதிப்பு, 22 போட்டிக் கணக்கில் நம் மண்டலம். பதிவேட்டில் நேரம் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும், ஐந்தரை மணி நேரம் தள்ளி எழுதிவிட்டு அழாதீர்கள். அனுமதிப்பத்திரத்தில் 160க்கு எந்த எல்லை, எத்தனை வாட் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய வால்வு:

வெட்டுப்பட்ட ரேடியல்களையும் போடுங்கள் தம்பி. கல்லுமலையில் மண் மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. கம்பி நீளத்தைப் பற்றி யோசிக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கங்காணியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

லிந்துலை22:

போட்டி முடிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கோயில் விளக்கு இரவு பத்துக்கு அணைந்தது. பூசகர் ஐயா முதல் நாள் ஒன்பதரைக்கே அணைத்துவிட்டு, “பேசி முடிச்சிட்டீங்களா?” என்று போனில் கேட்டார். மோர்ஸ் என்று விளக்க நேரமில்லை. சனி இரவு வளையமே தேவைப்படவில்லை. ஞாயிறு இரவு தூரத்தில் எங்கோ மின்னலடித்து, அந்தப் படபடப்பில் வளையத்துக்கு மாறினேன், ஓரளவு உதவியது.

மொத்தம் 38 தொடர்பு. ஐரோப்பா 21, ஆசியா 16. ‘யு’ என்று தொடங்கிய ஒருவர் இந்த முறை முழுதாகக் கேட்டார், உக்ரைன். அமெரிக்கக் கிழக்குக்கரை ஒன்றை ஞாயிறு விடியல் ஆறு மணிக்குக் கேட்டேன். ஏழு தடவை கூப்பிட்டும் அவருக்கு நான் எட்டவில்லை.

மிச்சம் ஒன்று ஹப்புத்தளை. எஸ் மீட்டர் ஊசி வலது மூலையில் போய் முட்டியது.

ஹப்புத்தளைக் காற்று:

அந்த 2 புள்ளிக்காக நான் போர்வையை விட்டு எழுந்தேன் என்பதைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

லிந்துலை22:

எழுதிவிட்டேன் அண்ணா. ரேடியல் இப்போது பதினான்கு. பெப்ரவரி கடைசியில் குரல் போட்டி வருகிறது, அதற்கு மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று அடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா, இங்கேயே கேட்கட்டுமா?