மறு: குடல்திறப்புக் குடலிறக்கம் – மாற்றுச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வயிற்றில் குடலை வெளியே திறந்துவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் வரும் புடைப்புதான் 'பாராஸ்டோமல் ஹெர்னியா'. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று வந்த 'குடல்திறப்புக் குடலிறக்கம்' எனக்குச் சரியாகப் படவில்லை. குடல் இரண்டு முறை வருவதுகூடப் பரவாயில்லை, 'இறக்கம்'தான் இடறுகிறது.

எங்கள் பெரியப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய். இடப்பக்க வயிற்றில் குடலை வெளியே எடுத்துப் பை வைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு மேடு. படுத்தால் அமுங்கும், இருமினால் புடைக்கும். மேட்டின் மேல் பையின் அடித்தட்டு ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டு கசியும். கையில் கொடுத்த தாளில் 'குடலிறக்கம்' என்று இருந்தது. பெரியப்பா தொடை இடுக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழே ஒண்ணும் இறங்கலையேப்பா" என்றார். நியாயமான கேள்வி.

குடலுக்காக வயிற்றுச் சுவரில் வெட்டிய வழி நாளாக ஆக விரிந்து, அதன் பக்கத்தில் இன்னொரு குடல் வளையமோ கொழுப்போ பிதுங்குகிறது. ஆகவே 'பிதுக்கம்'. குடலை வெளியே திறந்துவிட்ட அந்த இடத்துக்கு, அதாவது ஸ்டோமாவுக்குக் 'குடல்வாய்'. கிரேக்கத்தில் அது வாய்தான். நமக்கும் கணவாய், வாயில் என்று வழி திறக்கும் இடமெல்லாம் வாய்.

ஆனால் வெறும் 'குடல்வாய்ப் பிதுக்கம்' போதாது. அந்த வாய் வழியாகவே குடல் நீண்டு வெளியே வருவது வேறு கோளாறு. கருப்பை இறக்கம் என்கிறோமே, அதுபோல அதற்குத்தான் 'குடல்வாய் இறக்கம்' பொருந்தும். நம்முடையது 'குடல்வாயோரப் பிதுக்கம்'. ஓரத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், 'சாவித்துளை அறுவை'. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு இதைப் போட்டால் இங்கே குழப்பம் வரும். இந்தப் பிதுக்கத்தைச் சரிசெய்யும் அறுவையில், வயிற்றுச் சுவரைத் தாங்க வலை (மெஷ்) பொருத்தும் ஒரு முறைக்கே 'கீஹோல்', அதாவது சாவித்துளை, என்று பெயர்: வலையின் நடுவில் துளை வெட்டி, ஒரு பக்கம் கீறி, குடலைச் சுற்றிப் பொருத்துவது. இன்னொன்று அறுவை மருத்துவர் பால் ஷுகர்பேக்கர் 1985இல் எழுதிய முறை. குடலைப் பக்கவாட்டில் வயிற்றுச் சுவரோடு கிடத்தி, துளையில்லாத வலையை மேலே போர்த்துவது. அவர் வயிற்றைத் திறந்து செய்ததை இப்போது சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள். துளை வெட்டிய வலையில் அந்தத் துளையே பிறகு விரிந்து பிதுக்கம் திரும்ப வரலாம். 2018இல் ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வழிகாட்டுதலும் லேப்ராஸ்கோபியில் துளையில்லா வலையையே பரிந்துரைத்தது. இவ்வளவு முக்கியமான வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். 'துளைவலை', 'போர்வைவலை' என்று வைப்போம். லேப்ராஸ்கோபிக்கு 'நுண்துளை அறுவை' இருக்கட்டும்.

'மெஷ்' என்றே எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் ஐயா. வார்டில் நோயாளியோடு இருப்பவர்கள் ஏற்கெனவே "வலை வெச்சுத் தைச்சிருக்காங்க" என்றுதான் சொல்கிறார்கள்.