லேகரா, சைசனா, கள்ளா: நம்மூர் வெயிலுக்கு எது ஒத்து வரும்?

நொய்யக்கரையான்
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் சூலூர்ப் பக்கம், இப்ப இருக்கறது இங்கிலாந்துல லீட்ஸ். இங்க வீட்டுல பியர் காய்ச்சறது எனக்குப் பொழுதுபோக்கு. 1963-லயே இங்க லைசென்ஸ் வேண்டாம்னு ஆக்கிட்டாங்க, விக்கக்கூடாது, அவ்வளவுதான். நம்மூர்ல சட்டப்படி கூடாதுன்னு தெரியும். அதனால ஊர்ல எப்படிச் செய்யறதுன்னு யாரும் தனிச்செய்தில கேக்காதீங்க.

நான் கேக்க வந்தது வேற. லீவுக்கு வந்தப்ப சிநேகிதக்காரங்களோட ஒரு வாக்குவாதம். என்னைக்காவது சட்டம் மாறுனா, கொங்குநாட்டு பியர்னு ஒண்ணு எப்படி இருக்கும்? அத்தனை பேரும் லேகர்னாங்க, குளிர்ல மெதுவாப் புளிக்கவெச்சு எடுக்கற பியர். கடையில பாத்தது அது ஒண்ணுதான், வேற என்ன சொல்லுவாங்க.

என் கட்சி: லேகர் நம்ம மண்ணுக்கு ஆகாது. லேகர் ஈஸ்ட் 8-லிருந்து 13 டிகிரிக்குள்ளதான் ஒழுங்கா வேலை செய்யும். அது முடிஞ்சப்புறம் வாரக்கணக்குல உறையற குளிர்ல கெடக்கணும். ஜெர்மனில பவேரியாக்காரனுக்குக் குகையும் ஏரிப் பனிக்கட்டியும் இருந்துச்சு, செஞ்சான். அத்தனை குளிர் வேண்டாத பியர் ஏல்னு ஒண்ணு, அந்தச் சாதா ஏல் ஈஸ்டுக்கே 18 முதல் 22 வேணும். நம்ம வீட்டுக்குள்ள ஆடி மாசத்துலகூட 27, 28 நிக்குமுங்க. இன்னொண்ணு, ஈஸ்ட் சர்க்கரையத் திங்கும்போது அதுவே சூடு கிளப்பும். ரூம் 28-ன்னா டிரம்முக்குள்ள 32. அந்தச் சூட்டுல சாதா ஏல் ஈஸ்ட் போட்டா தின்னர் வாசம் அடிக்கும், மறுநா தலை வெடிக்கும்.

அதனால சைசன்ங்கற பியர் வகை. பெல்ஜியத்துல வலோனியாப் பக்கம் காட்டு வேலைக்கு வர்ற ஆளுகளுக்காகப் பண்ணையிலயே காய்ச்சுனது. அந்த ஈஸ்ட்ல பல ரகம் 30 தாண்டுனாலும் மெளகு வாசமும் பழ வாசமும்தான் தரும். இல்லைன்னா நார்வேப் பண்ணைகள்ல இருந்து வந்த க்வைக்ங்கற ஈஸ்ட். அதை மர வளையத்துல காயவெச்சுத் தலைமுறை தலைமுறையாக் கொண்டாந்திருக்காங்க. 35 டிகிரில போட்டா ரெண்டு மூணு நாள்ல வேலையை முடிச்சிரும், மூடியத் தொறந்தா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளுன மாதிரி இருக்கும். அதுல கொஞ்சம் கம்பு. இதுதான் நம்ம பியர்ங்கறேன். மறுக்கறவங்க மறுக்கலாம்.

பம்ப்செட்
மறுக்கறனுங்ணா.

கோயமுத்தூர் கணபதில மோட்டார் பேனல் கட்டறவன் நான். பழைய ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ், ஒரு சென்சார், ஒரு ரிலே. 10 டிகிரின்னு செட் பண்ணுனா 10 டிகிரி. இதுக்குப் போயி பவேரியாக் குகை எதுக்கு? லேகரை உலகம் பூரா கொண்டுபோனதே மெஷின்தான். 1870-கள்ல லிண்டேன்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர் குளிர்பதன மெஷின் செஞ்சதே பியர்க் கம்பெனிக்காரனுக்காகத்தான். கொங்குநாட்டான் மெஷினுக்குப் பயந்தா வேற எவன் தொடுவான்?

அடுத்தது தண்ணி. லேகர்லயே பேரு வாங்குன ரகம் பில்ஸ்னர், அது எங்கிருந்து வந்துச்சு? 1842-ல, இப்ப செக் நாட்டுல இருக்கற பில்சன் ஊர்ல ஜோசப் கிரோல்னு ஒரு பவேரியாக்காரர் காய்ச்சுனாரு. அது அப்படித் தெளிவா, பொன் நிறமா வந்ததுக்குப் பாதிக் காரணம் அந்த ஊர்த் தண்ணி. உப்பே கிடையாது, அத்தனை மென்மை. இப்ப சிறுவாணிய நெனச்சுப் பாருங்க. உலகத்துலயே ரெண்டாவது ருசின்னு சொல்லுவாங்க, யாரு அளந்தாங்கன்னு கேக்கக்கூடாது. ஆனா மென்மையான தண்ணிங்கறது நெசம். கோயமுத்தூர்ல பில்ஸ்னர் காய்ச்சாம சைசன் காய்ச்சறேங்கறது சிறுவாணிக்குப் பண்ற துரோகமுங்ணா.

நொய்யக்கரையான்
தம்பி, சிறுவாணி எத்தனை வூட்டுக்கு வருது? ஆர்.எஸ்.புரத்துக்காரன் பேசலாம். சூலூர், பல்லடம், திருப்பூர்ல போர்த் தண்ணிதான். கொங்குநாடுன்னா கோயமுத்தூர் மாநகராட்சி மட்டுமில்ல. கடினத் தண்ணிக்கும் பியர் இருக்குதே. இங்கிலாந்துல பர்ட்டன் ஊர்த் தண்ணி கல்லு மாதிரி, அதுலதான பேல் ஏல் பேரு வாங்குச்சு.

சென்னிமலை அம்முணி
இரண்டு பேரும் பாதியைச் சொல்கிறீர்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள், எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்ட்டன் தண்ணீர் கடினம்தான், ஆனால் அது ஜிப்சக் கடினம். கால்சியமும் சல்பேட்டும். பியரில் கசப்புக்காகப் போடும் பூ ஹாப்ஸ்; சல்பேட் அந்தக் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டும். நம்ம போர்த் தண்ணீர் அப்படியா? எங்கள் வீட்டுப் போசியில் ஒரு மாதம் வெந்நீர் வைத்தால் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறது. அது பைகார்பனேட். கூடவே நாக்குக்கே தெரிகிற உப்பு, அது குளோரைடு. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் திருப்பூர்ப் பக்கம் நிறைய. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் வெளிறிய மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறவைத்தால் அமிலத்தன்மை போதாமல் துவர்க்கும். கருக வறுத்த மால்ட் போட்டால் அதன் புளிப்பு அதைச் சமன் செய்யும். அயர்லாந்தின் டப்ளின்காரர்கள் ஸ்டௌட் என்ற கறுப்பு பியருக்குப் போனதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆக உங்கள் தண்ணீர்க் கணக்குப்படி பல்லடத்துக்கு வரவேண்டியது ஸ்டௌட். சைசனும் இல்லை, பில்ஸ்னரும் இல்லை. உப்பை மட்டும் மால்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது, ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துதான் குறைக்க வேண்டும்.

அப்புறம் கம்பு. கம்பு மாவை அரைத்து நாலு நாள் வைத்தால் கசப்பேறும் என்று எந்த அம்மிச்சியைக் கேட்டாலும் சொல்வார்கள். கொழுப்பு அதிகம், ஏறக்குறைய 5 சதவீதம். கொழுப்பு பியரின் நுரையையும் கெடுக்கும். ராகியில் கொழுப்பு மிகக் குறைவு. முளைகட்டிய ராகியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியும் நன்றாக இருக்கிறது, குழந்தைக்கு ராகி மால்ட் கொடுப்பது சும்மா இல்லை. உகாண்டாவில் ராகியில்தான் மல்வா என்ற பியரைக் காய்ச்சுகிறார்கள். நடுவில் ஒரு பானை, சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நீளக் குழலில் உறிஞ்சுவார்கள்.

பம்ப்செட்
அக்கா, அப்ப சோளம்? எங்க தோட்டத்துல மாட்டுக்கு அதுதான் போடறோம். ஆப்பிரிக்காவுல சோள பியர் உண்டுன்னு படிச்சிருக்கேன்.

சென்னிமலை அம்முணி
உண்டு. 1988-ல் நைஜீரியா பார்லி இறக்குமதியைத் தடை செய்தபோது அங்கே பெரிய கம்பெனிகளே சோளத்துக்கு மாறின. ஆனால் எச்சரிக்கை வேண்டும். இளம் சோளப் பயிரை, அதுவும் வாடின பயிரை, மாடு மேய்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் தோட்டத்தில் கேளுங்கள். முளையில் இருக்கிற துரின் என்ற பொருளிலிருந்து சயனைடு வரும். அதனால் சோளத்தை முளைகட்டி மால்ட் செய்கிறவர்கள் நன்றாக உலர்த்தி, முளையையும் வேரையும் தேய்த்து உதிர்த்துவிட்டுத்தான் அரைக்கிறார்கள். யூட்யூப் பார்த்து விளையாடுகிற விஷயம் இல்லை.

வழிப்போக்கன்
2024-ல கள்ளக்குறிச்சில அறுபது பேருக்கு மேல செத்தது மறந்து போச்சா? இங்க உக்காந்து ரெசிபி பேசறீங்க. நாளைக்கு எவனாவது வூட்டுல காய்ச்சிக் குடிச்சுக் கண்ணு போனா யாரு பொறுப்பு?

சென்னிமலை அம்முணி
அங்கே கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போகிற சரக்கைச் சாராயத்தில் கலந்தார்கள். தானியத்தை ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அந்த அளவு மெத்தனால் வராது, இதில் வடித்தலும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து பாட்டில். நுரைக்காக அடைக்கும்போது லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போடுவார்கள். புளிப்பு முடியும் முன் அவசரப்பட்டு அடைத்தாலோ கை தாராளமாகப் போட்டாலோ கண்ணாடி வெடிக்கும். லீட்ஸ் குளிரில் தப்பிக்கிற பாட்டில் சித்திரை மாத ஈரோட்டில் தப்பிக்காது.

ஆனால் வழிப்போக்கன் சொல்வதில் எனக்கு உடன்பாடான ஒன்று உண்டு. சட்டம் மாறட்டும் என்று கட்சி கட்டுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். 20 லிட்டர் பியர் சமையல்கட்டு ஓரத்தில் நொதிக்கும்போது பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? கடையில் குடித்துவிட்டு வருகிறவனைத் திண்ணையில் நிறுத்தலாம், வீட்டிலேயே காய்ச்சுகிறவனை எங்கே நிறுத்துவது? அறிவியலாக இது எனக்குப் பிடிக்கும். எங்கள் தெருவில் வேண்டாம்.

நொய்யக்கரையான்
அம்முணி, இங்க என் சம்சாரம்தான் ஹைட்ரோமீட்டர்ல சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு பாக்கறாங்க. ஒரு காய்ச்சலுக்கு அஞ்சு மணி நேரம் நின்னு, மால்ட்டை 66 டிகிரில ஒரு மணி நேரம் புடிச்சு வெச்சு, ஒரு மணி நேரம் ஹாப்ஸோட கொதிக்கவெச்சு, அண்டாவக் கழுவி, ரெண்டு மூணு வாரம் காத்திருந்து குடிக்கறவன் குடிகாரன் இல்லீங்க. குடிகாரனுக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வரும்?

ஆனைமலைத் தென்னை
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். ஏனுங்க, பார்லி ராஜஸ்தான்ல இருந்து, ஹாப்ஸ் இமாச்சல்ல இருந்தோ ஜெர்மனில இருந்தோ, ஈஸ்ட் நார்வேல இருந்து. இதுல கொங்குநாடு எங்க இருக்குது? அண்டாவா?

எங்க தோப்புல ஒரு மரத்துல பாளையச் சீவி முட்டி கட்டுனா காலைல இறக்கலாம். உள்ள சுண்ணாம்பு தடவுனா தெளுவு, புளிக்காத பதநீர். தடவாட்டி பொழுதோட கள்ளு. உங்க சைசன் ஈஸ்டும் வேண்டாம், அந்தத் தம்பியோட ஃப்ரிட்ஜும் வேண்டாம். வெயில் எச்சாக எச்சா நல்லாவே புளிக்கும். கூடிப் போனா 4, 5 சதவீதம் போதை, உங்க பியர் அளவுதான். கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டுனா கேரளாவுல ஷாப்புல உக்காந்து குடிக்கலாம். இக்கட்ட, தமிழ்நாட்டுல, அதே தென்னை, அதே காத்து, 1987-லிருந்து தடை. 2017-ல புளிக்காத நீராவுக்கு மட்டும் வுட்டாங்க, அதோட சரி. கள் இயக்கத்துக்காரங்க எத்தனை வருசமாக் கேக்கறாங்க. அதுக்கு ஒரு வார்த்தை பேசாம பில்சன், பர்ட்டன்னு ஊர்ப்பேரு ஒப்பிக்கறீங்க.

பம்ப்செட்
அண்ணா, கள்ளு நல்லதுதான், இல்லைங்கலை. ஆனா மறுநாளைக்கு வெச்சுப் பாருங்க, காடி. அதுல ஈஸ்டு மட்டுமில்ல, பாக்டீரியாவும் ஒரு கூட்டம் இருக்குது. ஹாப்ஸ் போடறதே அந்தக் கூட்டத்த அடக்கத்தான். பியர்ங்கறது மாசக்கணக்குல நிக்கணும், அடுத்த காய்ச்சலும் அதே ருசில வரணும். கள்ளுல இன்னைக்கு ஒரு ருசி, நாளைக்கு ஒரு ருசி.

ஆனைமலைத் தென்னை
அதுதான தம்பி அதோட அழகே. ஒரே ருசி வேணும்னா பாக்டரிக்குப் போ. வூட்டுல செய்யறதுக்கு எதுக்கு பாக்டரி ருசி?

சேலத்துச் சித்தப்பா
குறுக்கே வருகிறேன். எது சிறந்தது என்று அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் சட்டத்தில் பியர், கள், சைசன் எல்லாம் ஒரே மூட்டை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம், சொந்தக் குடிக்குத்தான் என்பது வாதமாகாது. ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே எங்கள் சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1. நாமக்கல்லும் அப்போது அதற்குள் அடக்கம். ஆக இந்த விஷயத்தில் கொங்குநாட்டுக்கு முன்வரலாறு உண்டு. அமெரிக்காவிலேயே 1933-ல் மதுவிலக்கு போன பிறகும் வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி 1978-ல்தான் கிடைத்தது, அதுவும் அளவு கட்டி. இங்கே அவசரப்பட வேண்டாம்.

நொய்யக்கரையான்
சித்தப்பா சொன்னது சரிங்க, அதனாலதான் நான் லீட்ஸ்ல இருந்து பேசறேன்.

தென்னை அண்ணனுக்கு: நீங்க கேட்ட கேள்வி குத்துது, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். ஹாப்ஸ் வெளியூர்னா வெளியூராவே இருக்கட்டும். நம்ம மொளகாயே வெளியூர்தான. சூடும் தண்ணியும் தானியமும் எந்த ஊரோ, பியரும் அந்த ஊருங்கறதுதான் என் கட்சி. அம்முணி சொன்னதுல கம்ப வுட்டர்றேன், ராகி எடுத்துக்கறேன். பார்லி மால்ட் 70 பங்கு, ராகி 30. சைசன் மட்டும் மாறாது. பல்லடத்து உப்புக்கு ஆர்.ஓ. கலந்துக்கலாம், பல்லடத்து வெயிலுக்கு எதைக் கலக்கறது?

பம்ப்செட்
ஃப்ரிட்ஜுங்ணா. எத்தன வாட்டி சொல்றது.

சென்னிமலை அம்முணி
முளைகட்டாத ராகியை அப்படியே பார்லியோடு கொட்டிவிடாதீர்கள். 66 டிகிரியில் அதன் மாவுச்சத்து முழுசாக வேகாது, நொதி தொட முடியாது. முதலில் தனியாகக் களி கிண்டுங்கள், இளகலாக. அதை எழுபதுக்குக் கீழே ஆறவிட்டு மால்ட்டோடு சேருங்கள், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பார்லி நொதியும் சேர்ந்து செத்துப்போகும். அடி பிடிக்காமல் கிண்டத் தெரியுமா, இல்லை அதற்கும் உங்கள் வீட்டுக்காரம்மாதானா?

ஆனைமலைத் தென்னை
களி கிண்டுனா மொதல்ல அதை கீரைச்சாத்துல தொட்டுத் தின்னுட்டு மிச்சம் இருந்தா பியருக்குப் போடுங்க. கள்ளுப் பத்திக் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.