மலக்குடல் ஏ.பி.சி.க்கு (ஆர்கான் பிளாஸ்மா சிகிச்சைக்கு) எனிமா மட்டும் போதுமா? உங்கள் யூனிட் நடைமுறை தேவை

வணக்கம். எண்டோஸ்கோபி யூனிட்டில் இருக்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன்கள் கொஞ்சம் உதவுங்கள்.

கதிர்வீச்சுக்குப் பிறகு மலக்குடலில் ரத்தம் கசிகிறவர்களுக்கு ஆர்கான் பிளாஸ்மா வைக்கும்போது (ஆர்கான் வாயு வழியே மின்சாரம் பாய்ச்சி ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும்போது), "கீழ்க்குடல்தானே" என்று எனிமாவோடு நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எனிமா கீழ்ப்பகுதியை மட்டுமே கழுவும். மேலே தங்கிய மலத்தில் பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜனும் மீத்தேனும் கீழே இறங்கும். ஹைட்ரஜன் 4 சதவீதம், மீத்தேன் 5 சதவீதம் தாண்டினால் எரியக்கூடிய அளவு. அதற்கு வேண்டிய ஆக்சிஜனை நாம் ஊதும் காற்றே கொடுத்துவிடுகிறது. ஒரு பொறி பட்டால் வெடித்துக் குடல் கிழியலாம். மேனிடால், சார்பிட்டால், லாக்டுலோஸ் கொடுத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அவை நொதித்து ஹைட்ரஜன் ஆகும்.

எனவே முழு பி.இ.ஜி. தயாரிப்பு (குடல் முழுவதையும் கழுவும் பேதிக் கரைசலைக் குடிக்க வைப்பது), காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு, சுடுவதற்கு முன் வாயுவை உறிஞ்சி மாற்றுவது. இதுவரை குழப்பமில்லை.

கேட்க வேண்டியவை இரண்டு:

முழுக் கரைசலும் குடிக்க முடியாத முதியவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்? முதல் நாள் மாலை பாதி, காலையில் பாதி என்று பிரித்துக் கொடுத்தும் வாந்தி எடுப்பவர்களைத்தான் கேட்கிறேன்.

ஐ.சி.டி. (இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவி) பொருத்தியவர்களுக்கு ரிட்டர்ன் பேடை (மின்னோட்டம் உடலிலிருந்து திரும்பும் ஒட்டுத்தகட்டை) தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டினால் மின்னோட்டம் நெஞ்சைக் கடக்காது. ஆனால் நாம் பாய்ச்சும் மின்சாரத்தைத் தவறான துடிப்பு என்று கருவி எடுத்துக்கொண்டு ஷாக் கொடுக்காமல் இருக்க, ஷாக்கை நிறுத்தி வைப்பது யார்? காந்தம் வைத்தால் பெரும்பாலான ஐ.சி.டி.யில் ஷாக் மட்டுமே நிற்கும், பேசிங் (கருவி இதயத்தைத் துடிக்க வைப்பது) முறை மாறாது. பேசிங்கையே நம்பியிருப்பவருக்கு அது போதாது. கருவியின் அமைப்பை மாற்றும் புரோகிராமரை முன்கூட்டியே வரவழைக்கிறீர்களா?

எழுத்தில் செக்லிஸ்ட் வைத்திருந்தால், நோயாளி விவரம் நீக்கிப் படமாகப் போடுங்கள்.