புதுப்பிப்பு: தங்கையின் நெஞ்சுவலிக்குக் காரணம் தெரிந்தது

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கு மாதவிடாய் வரும்போதெல்லாம் வலது நெஞ்சிலும் தோளிலும் வலி, மூச்சுத்திணறல் என்று எழுதியிருந்தேன். முதலில் டிபி என்று சந்தேகப்பட்டார்கள். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "தேதியைக் குறித்து வையுங்கள்" என்று உங்களில் சிலர் சொன்னீர்களே, அதுதான் வழி காட்டியது.

அடுத்த முறை வலி வந்தவுடனேயே எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரல் சுருங்கி, சுற்றிலும் காற்று. மாதவிடாய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் இப்படி ஆனால் எண்டோமெட்ரியோசிஸா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் வலது பக்கம்தான் வரும் என்றார் நுரையீரல் மருத்துவர். இந்த நோயில் கருப்பை உள்சவ்வு போன்ற திசு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்திலும் நுரையீரல் உறையிலும் வளர்ந்துவிடுகிறது. சிடி ஸ்கேனில் அது பிடிபடவில்லை. மார்பில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்த்தபோதுதான் உதரவிதானத்தில் ஓட்டைகளும் பழுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. அப்போதே ஓட்டைகளைத் தைத்துவிட்டார்கள். பயாப்ஸியும் (திசுப் பரிசோதனை) எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று உறுதி செய்தது.

இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள். திரும்ப வரலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கவனிக்கிறார். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த நாட்களில் இருமலில் ரத்தம் வந்தாலும் தேதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள்.